திரும்பக் கொடுத்த தாய்

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குச் செல்லும் மகனும் மருமகளும் கோடை விடுமுறையில் பேரப்பிள்ளைகளை மடத்துக்குளத்தில் எங்களிடம் விட்டுச் செல்வது வழக்கம். 2025ஆம் ஆண்டு ஜூன் 2, திங்கட்கிழமை பள்ளித் திறப்பு. முந்தைய சனியன்று அமராவதிக் கரையிலுள்ள கொழுமம் தாண்டேசுவரரைத் தரிசித்தோம். ஞாயிறன்று மகனும் மருமகளும் வந்து சேர, அனைவரும் திருமூர்த்திமலைக்குச் சென்றோம்.

அங்கே ஒரே பாறையில் மும்மூர்த்திகளும் அமணலிங்கேசுவரராக எழுந்தருளியுள்ளனர். அனசூயை தன் கற்பின் வலிமையால் மூவரையும் குழந்தைகளாக்கிய தலம் என்பர். கதை கேட்ட பேத்தி, "அந்தக் குழந்தைகளை அவங்களே வெச்சுக்கிட்டாங்களா அப்பத்தா?" என்றாள்.

"இல்ல கண்ணு, தேவியர் மூவரும் வந்து கேட்டதும் திரும்பக் கொடுத்துட்டாங்க."

"அப்போ அழுதிருப்பாங்களே?"

எனக்கு நா எழவில்லை. இரண்டு மாதம் நிறைந்திருந்த வீடு அன்றிரவே வெறிச்சோடப் போவதை எண்ணிக்கொண்டிருந்தேன். அருகில் நின்ற அவள் தாத்தாதான், "கொடுத்தவளுக்கே தத்தாத்திரேயர் மகனாகப் பிறந்தார் சாமி" என்றார்.

மாலையில் உடுமலையில் திருநீறு இட்டுப் பிள்ளைகளைத் திருப்பூர்ப் பேருந்தில் ஏற்றிவிட்டோம். முதுமையில் நாம் வேண்டிப் பெறத்தக்க வரம், மலர்ந்த முகத்தோடு திரும்பக் கொடுக்கும் அந்த மனம்தான். அதை அம்மூவரும் அனைவருக்கும் அருள்வார்களாக!