எட்டாயிரத்திற்குள் எட்டும் வானம்

பைனாகுலரின் உடலில் இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும்: 8×40, 10×50, 7×50 என்று. முதல் எண், காட்சி எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பதைச் சொல்கிறது. இரண்டாவது எண், முன்புறக் கண்ணாடியின் விட்டத்தை மில்லிமீட்டரில் சொல்கிறது. கடைகளில் பேச்சு முழுவதும் முதல் எண்ணைச் சுற்றியே நடக்கும்; அதற்குப் ‘பவர்’ என்று பெயர். மூக்குக்கண்ணாடிக்கும் பவர், மாத்திரைக்கும் பவர், பைனாகுலருக்கும் பவர். கூடினால் நல்லது என்ற எண்ணம் அச்சொல்லுக்குள்ளேயே குடியிருக்கிறது. வாங்குவோரின் ஏமாற்றம் பெரும்பாலும் இரண்டாவது எண்ணைக் கேளாமல் விடுவதில் தொடங்குகிறது.

தில்லியிலுள்ள மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் வரலாற்றுத் துறையில் ஆய்வு செய்யும் ஒடிசாப் பெண் ஒருத்திக்கு இந்த எண்களைக் கற்க வேண்டிய தேவை வந்தது. நெட் தேர்வின் வழி இளநிலை ஆய்வு நிதி பெறாத முனைவர் பட்ட மாணவர்க்கு மத்தியப் பல்கலைக்கழகங்களில் கிடைக்கும் உதவித்தொகை மாதம் 8,000 ரூபாய். அவளுக்கும் அதுவே. விடுதி உணவுக் கட்டணம், ஒளிநகல், ஆவணக் காப்பகத்திற்குப் போய்வரும் செலவு ஆகியவை போக அதில் மிஞ்சுவது சொற்பம். நயாகர் மாவட்டத்தில், மகாநதிக் கரையோரச் சிற்றூர் ஒன்றில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அவள் தம்பி ஒருநாள் தொலைபேசியில், “அபா, எனக்கு ஒரு தூரபீண வேண்டும்” என்றான். ஒடியாவில் அக்காளை ‘அபா’ என்பர். தமிழ்க் காதுக்கு அது தந்தையைக் குறிப்பதுபோல் ஒலிக்கும். அந்த வீட்டில் பொறுப்பைப் பொறுத்தவரை அந்த மயக்கம் முற்றிலும் பிழையும் ஆகாது.

‘தூரபீண’ என்ற சொல் இந்தியில் ‘தூர்பீன்’. இரண்டும் பாரசீகத்திலிருந்து வந்தவை: ‘தூர்’ தொலைவு, ‘பீன்’ பார்ப்பது. தமிழில் தொலைநோக்கி வேறு, பைனாகுலர் வேறு. அங்கே இரண்டிற்கும் ஒரே சொல்லே வழங்குகிறது. எனவே தம்பி கேட்டது எது என்பது சொல்லிலிருந்து தெளிவாகவில்லை. எதைப் பார்க்கப் போகிறாய் என்று அக்காள் கேட்டாள். ஆற்று மணல்திட்டில் வந்திறங்கும் பறவைகளையும், இரவில் நட்சத்திரங்களையும் என்றான். இந்த விடையே கருவியைப் பாதி முடிவு செய்துவிட்டது.

மலிவான பொம்மைத் தொலைநோக்கிகளின் அட்டைப் பெட்டியில் ‘450 மடங்கு’ என்று அச்சிட்டு, வளையம் சூழ்ந்த சனிக்கோளின் வண்ணப் படத்தையும் போட்டிருப்பார்கள். ஒரு தொலைநோக்கியிலிருந்து பயனுள்ள வகையில் பெறக்கூடிய உருப்பெருக்கம், அதன் கண்ணாடி விட்டத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு என்பது பொது விதி. 50 மி.மீ. கண்ணாடிக்கு அது 100 மடங்கோடு நின்றுவிடும். அதற்குமேல் பெருக்கினால் மங்கலும் சேர்ந்து பெருகும். மெல்லிய முக்காலி காற்றில் ஆடும். காட்சி தலைகீழாகவோ இடவலம் மாறியோ தெரியும். பகலில் பறவை பார்க்க உதவாது. அத்தகைய கருவி மூன்றாம் நாள் பரணில் ஏறும். கருவி கெட்டுப்போனது என்று எந்தச் சிறுவனும் நினைப்பதில்லை. வானம் தனக்கு வராது என்றே நினைத்துக்கொள்கிறான். அக்காளை வருத்தியது பணத்தை விட இந்த அச்சமே.

தம்பிக்கு இந்த ஆசை தோன்றியதில் வியப்பில்லை. அவர்களுடைய மாவட்டத்திலுள்ள கண்டபடாதான் பதானி சாமந்தர் என்று ஒடிசா மக்கள் அழைக்கும் சாமந்த சந்திரசேகரரின் (1835–1904) ஊர். மரத்தாலும் மூங்கிலாலும் தாமே செய்துகொண்ட கருவிகளைக் கொண்டு, தொலைநோக்கி இன்றி வெறுங்கண்ணால் கோள்களின் இயக்கத்தை அளந்தவர் அவர். ஓலையில் ஒடியா எழுத்தில் அவர் எழுதிய ‘சித்தாந்த தர்ப்பணம்’ என்ற சமஸ்கிருத நூல் 1899-இல் கல்கத்தாவில் அச்சேறியது. நட்சத்திரங்களை முதலில் வெறுங்கண்ணால் அடையாளம் கண்டுகொள். கருவி அதன்பின் வரட்டும் என்று அக்காள் தம்பியிடம் சொன்னதற்கு அவரே சான்று. அதற்கு அடுத்த படிக்கும் ஒருவர் உண்டு. ஜெசோர் கருவூலத்தில் எளிய ஊழியராக இருந்த ராதாகோபிந்த சந்திரர் 1910-இல் ஹாலி வால்மீனைச் சிறிய பைனாகுலர் ஒன்றால் நோக்கத் தொடங்கினார். பின்னர் மூன்று அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வாங்கினார். ஒளி மாறும் விண்மீன்களைப் பற்றி அவர் அமெரிக்கச் சங்கத்திற்கு அனுப்பிய பதிவுகள் 37,000-க்கும் மேற்பட்டவை.

இனி, தேர்வு. இருளில் இளங்கண்ணின் பாவை ஏறத்தாழ 7 மி.மீ. விரியும், வயது ஏற ஏற அது 5 மி.மீ. அளவோடு நின்றுவிடும். 40 மி.மீ. கண்ணாடி, 7 மி.மீ. பாவையைப் போல் சுமார் 32 மடங்கு ஒளியைத் திரட்டுகிறது, 50 மி.மீ. கண்ணாடி சுமார் 51 மடங்கு. திரட்டிய ஒளி பின்புறக் கண்ணாடி வழியாக ஒரு சிறு வட்டமாக வெளிவருகிறது. இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் அந்த வட்டத்தின் விட்டம் கிடைக்கும். 8×40-க்கும் 10×50-க்கும் அது 5 மி.மீ.; 7×50-க்கு ஏழுக்குச் சற்று மேல்; சட்டைப்பையில் அடங்கும் 10×25-க்கு இரண்டரை. பகலில் இரண்டரை போதும். அந்தி மங்கிய பின் அக்கருவி இருண்டுபோகும். 7×50-இன் ஏழு மி.மீ. வட்டம் முதியவரின் பாவைக்குள் முழுதாக நுழையாது. ஒளியில் ஒரு பகுதி வீணாகும். வீட்டில் பதினான்கு வயதுக் கண்ணும் ஐம்பதைக் கடந்த கண்ணும் ஒரே கருவியைப் பகிர வேண்டுமானால் ஐந்து என்பது நல்ல நடுநிலை.

வானத்துக்கு மட்டும் என்றால் 10×50 மேல். அது 8×40-ஐவிட ஒன்றரை மடங்கு ஒளி திரட்டும். ஆனால் காட்சியோடு கை நடுக்கத்தையும் பத்து மடங்காக்கும். எடையும் கூடுதல்; கிட்டத்தட்ட ஒரு கிலோவை நெருங்கும் வகைகள் உண்டு. எட்டு மடங்கில் வானத்தின் அகன்ற துண்டு ஒன்று ஒரே பார்வையில் அடங்கும். புதியவருக்குத் தேடியது விரைவில் கிடைக்கும். பறக்கும் பறவையைத் தொடரவும் அதுவே ஏற்றது. அவள் 8×40 என்று முடிவு செய்தாள்.

குறைந்த விலையில் வாங்கும்போது உள்ளமைப்பும் முக்கியம். இக்னாசியோ போரோ என்ற இத்தாலியர் 1854-இல் காப்புரிமை பெற்ற பட்டக அமைப்பைக் கொண்ட பைனாகுலர்கள் தோள் அகன்று, இடுப்பு வளைந்து, பழைய தோற்றத்தில் இருக்கும். நேர்க்குழாய் வடிவில் ஒடுங்கிய ‘ரூஃப்’ வகை பார்வைக்கு நவீனமானது. அதன் பட்டகங்களை மிகத் துல்லியமாகக் கடைந்து சிறப்புப் பூச்சு இட வேண்டும். அந்தச் செலவு விலையில் ஏறும். பத்தாயிரத்திற்குள் வாங்குவோர்க்கு அதே பணத்தில் போரோ வகையே தெளிவான காட்சி தரும். பூச்சும் அவ்வாறே. பூச்சில்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். பத்துப் பரப்புகளைக் கடந்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். எல்லாப் பரப்பிலும் பல்லடுக்குப் பூச்சு இடப்பட்டிருக்கிறதா என்று கேட்க வேண்டும். முன்கண்ணாடி மாணிக்கச் சிவப்பாக மின்னினால் வைத்துவிட்டு வந்துவிடலாம். உருப்பெருக்கத்தை மாற்றிக்கொள்ளும் ‘ஜூம்’ வகைகளும் இந்த விலையில் வேண்டாதவை.

தில்லிக் கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டியது உள்ளங்கையில் அடங்கும் ஒன்று. அதன்மேல் 30×60 என்று எழுதியிருந்தது. “இதில்தான் மேடம் பவர் அதிகம், விலையும் குறைவு” என்றார். அவள் பையிலிருந்து ஸ்கேலை எடுத்து முன்கண்ணாடியின் குறுக்கே வைத்தாள். 22 மி.மீ. அறுபது எங்கே போயிற்று என்று கேட்டதற்கு, “அது கம்பெனி நம்பர்” என்று விடை வந்தது. கடைக்காரர் பொய் சொன்னார் என்றுகூடச் சொல்ல இயலாது. அவருக்கு அந்த எண் பொருளற்ற ஓர் அலங்காரம்.

பிறகு 8×40 போரோ வகையில் இரண்டு கருவிகள் மேசைக்கு வந்தன. அவள் இரண்டையும் கைநீளத் தொலைவில் பிடித்து, பின்கண்ணாடியில் தெரியும் ஒளிவட்டத்தைக் கவனித்தாள். ஒன்றில் வட்டத்தின் ஓரங்கள் வெட்டுப்பட்டுச் சதுரம்போல் தெரிந்தன. மற்றதில் முழு வட்டம். முன்னதில் இருப்பது பெரும்பாலும் பிகே-7 கண்ணாடிப் பட்டகம், பின்னதில் இருப்பது பேக்-4. எதிர்ச்சாரிக் கட்டடத்தின் பெயர்ப்பலகையை நோக்கி, இரு குழல்களின் காட்சியும் ஒன்றாகப் பொருந்துகிறதா, எழுத்து இரட்டையாகத் தெரிகிறதா என்று பார்த்தாள். குழல்கள் ஒருமுகப்படாத கருவி சில நிமிடங்களிலேயே தலைவலி தரும். மெல்லக் குலுக்கி, உள்ளே ஏதேனும் உருளும் ஓசை வருகிறதா என்று கேட்டாள். தம்பி கண்ணாடி அணிபவன், கிட்டப்பார்வை மட்டுமே. அத்தகையோர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குவியத்தைத் திருத்திக்கொண்டால் போதும். உருட்சிப் பிழை உடையவர்கள் கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும். அவர்கள் விழிக்கும் பின்கண்ணாடிக்கும் இடையே 15 மி.மீ. தொலைவிலும் முழுக்காட்சி தரும் கருவியைத் தேட வேண்டும். விலை, ஒரு மாத உதவித்தொகையைவிடச் சற்றுக் குறைவு. நான்கு மாதம் சேர்த்த பணம் அது.

தந்தைக்கு இதில் உடன்பாடில்லை. “பொதுத்தேர்வு வருகிறது. நீ பசியோடு சேர்த்த பணத்தில் இவன் நட்சத்திரம் எண்ணவா, மா?” என்று தொலைபேசியில் கேட்டார். ஒடியாத் தந்தையர் மகளை ‘மா’ என்றே விளிப்பர். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. இரண்டு ஏக்கர் நெல்லில் வாழும் குடும்பத்தில் எட்டாயிரம் ரூபாய்க்கு வேறு பெயர்கள் உண்டு: உரம், மருந்து, தேர்வுக் கட்டணம். ஆவல் என்பதற்கு அந்தக் கணக்குப் புத்தகத்தில் தனிப் பத்தி இருந்ததில்லை. அக்காள் வாதிடவில்லை. பெட்டியைக் கூரியரில் அனுப்பினாள்.

முதல் இரவு தம்பிக்கு ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் ஆடுகிறது என்றான். பாயில் மல்லாந்து படுத்து, முழங்கைகளை மார்போடு அணைத்துக்கொள்ளும்படி அக்காள் சொன்னாள். அதன்பின் நிலவின் குழிகள் தெரிந்தன. வெறுங்கண்ணுக்கு ஆறாகத் தெரியும் கார்த்திகை, பல பத்து மீன்களாகச் சிதறியது. ஓரியனின் வாளில் ஒரு வெண்புகை தெரிந்தது. 1,300 ஒளியாண்டுகளுக்கு அப்பால் விண்மீன்கள் பிறக்கும் முகில் அது. சனியின் வளையம் தெரியவில்லை. எட்டு மடங்கில் தெரியாது என்று முன்பே சொல்லி வைத்திருந்தாள். வியாழனைப் பார்க்க மட்டும் கருவியை வேலிக்கம்பத்தின்மேல் ஊன்றச் சொன்னாள். 1610 ஜனவரியில் கலிலியோ செய்ததுபோல் அவனும் நோட்டில் நாள்தோறும் வியாழனுக்கு ஒரு வட்டமும் அதன் துணைக்கோள்களுக்குப் புள்ளிகளும் இட்டான். சில இரவுகளில் இரண்டு புள்ளிகள், சில இரவுகளில் மூன்று. நான்கும் ஒருசேரத் தெரிந்தது ஒரே இரவில். புள்ளிகள் இடம் மாறியிருந்தன. பாடநூல் சொன்னதால் நம்பிய ஒன்றைத் தன் கையெழுத்தில் பார்த்தபோது அவன் அக்காளுக்கு அனுப்பிய புகைப்படத்தோடு சொல் ஏதும் இல்லை.

நெல் முற்றும் பருவத்தில் அப்பகுதிக் காட்டிலிருந்து யானைகள் வயலுக்கு இறங்கும். அந்தி மங்கும் வேளையில் காட்டோரம் நிற்பது யானையா புதரா என்று தெரியாமல் ஊரார் தீப்பந்தத்தோடு காத்திருப்பர். ஒருநாள் தந்தை பைனாகுலரை எடுத்து வரப்பில் நின்று பார்த்தார். வெறுங்கண்ணுக்கு எல்லாம் கரிய திரையாகிவிட்ட நேரத்தில், அதற்குள் காதசைவு தெரிந்தது, குட்டியோடு மூன்று. அருகே போக வேண்டாம் என்று அண்டை வயல்காரர்களுக்குச் சொல்லியனுப்பினார். அதன்பின் வீட்டில் கருவியைப் பற்றிய பேச்சு, மாலையில் அது யாருக்கு, இரவில் அது யாருக்கு என்பதாக மாறியது. எட்டாயிரத்தின் கணக்கு அதனால் தீர்ந்துவிடவில்லை. அவ்வாண்டு உரம் கடனில்தான் வந்தது.

வாங்கக் கருதுவோர்க்குச் சில சொற்கள். கதிரவனை எக்காரணம் கொண்டும் பைனாகுலரால் பார்க்கலாகாது. ஒரு நொடியில் பார்வை போகும். மழைக்காலத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சை படரும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடிய டப்பாவில் வைக்க வேண்டும். தூசியை ஊதியோ மென்தூரிகையாலோ அகற்றிய பின்னரே துணி படலாம். கடைக்குச் செல்லும் முன் வெறுங்கண்ணால் ஐந்து விண்மீன்களையேனும் பெயர் சொல்லிக் காட்டப் பழகிக்கொள்வது நல்லது. செல்லும்போது பையில் ஒரு ஸ்கேல் இருக்கட்டும்.