தெர்மோஸ்டாட்டும் எங்க ஊர் மதகும்

"நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு தம்பி? கழட்டிப் போடு, வண்டி கூலா ஓடும்!"

அப்பாவோட ஸ்டாண்டர்டு ஹெரால்டு விஷயத்துல இதைத்தான் ரொம்ப வருஷமா வேதவாக்கா நம்பிட்டு இருந்தோம். 1961-ல மெட்ராஸ்ல தயாராக ஆரம்பிச்ச மாடல், 948 சிசி எஞ்சின். எங்க கைக்கு வந்தப்பவே தெர்மோஸ்டாட் இல்ல. யாரோ ஒரு மெக்கானிக் அண்ணன் எப்பவோ பிடுங்கிட்டார்.

போன வருஷம் ஆயில் மூடியைத் திறந்தா, உள்ளே மோர்க்குழம்பு மாதிரி ஒரு கொழகொழப்பு! ஹெட் கேஸ்கெட் போச்சுன்னு பதறி எஞ்சினைப் பிரிச்சா, கேஸ்கெட் நல்லாத்தான் இருக்கு. தேய்ஞ்சு போனது சிலிண்டர். லேத் பட்டறைக்காரர் அளந்து பார்த்துட்டு, "இதுக்கு மேல போர் பண்ண இடமில்ல சார், லைனர்தான்"னார். அப்பா அன்னிக்கு சரியா சாப்பிடவே இல்ல.

செம்பரம்பாக்கத்துலேர்ந்து பூந்தமல்லி மார்க்கெட் போய் வர்றதுதான் அந்த வண்டியோட வேலையே. தெர்மோஸ்டாட் இல்லேன்னா, எஞ்சின் சூடேறும் முன்னாடியே தண்ணி ரேடியேட்டருக்குப் போய் ஆறிட்டு வந்துடும். சூடேறாத எஞ்சின்ல பெட்ரோல் சரியா ஆவியாகாது. சிலிண்டர் சுவத்துல இருக்கிற ஆயிலைக் கழுவிட்டு கீழ இறங்கும். எரியும்போது வர்ற நீராவியும் ஆயில்லயே தங்கிடும். அதான் அந்த மோர்க்குழம்பு. மொத்தப் பழியையும் இதுமேல போட முடியாது, வயசான வண்டி. ஆனா பங்கு உண்டு.

ஏரிக்கரைக்காரன், மதகு வச்சே சொல்றேனே. எங்க ஏரி 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு. மதகையே எடுத்துட்டா கோடைக்குத் தண்ணி நிக்காது. எப்போ, எவ்வளவு திறக்கணும்ங்கிறது எவ்வளவு முக்கியம்னு, 2015 டிசம்பர்ல விநாடிக்கு 29,000 கன அடி அடையாத்துல இறங்கினப்போ பார்த்தோம். தெர்மோஸ்டாட்டும் அப்படி ஒரு மதகுதான். உள்ளே இருக்கிற மெழுகு சூட்டுல உருகி விரிஞ்சு, தானா திறக்கும்.

மெக்கானிக் அண்ணன் பயமும் சும்மா இல்லீங்க. மூடின நிலையில மாட்டிக்கிட்டா எஞ்சின் கொதிச்சுடும். அதனால 82 டிகிரி தெர்மோஸ்டாட் ஒண்ணு வாங்கி, அம்மாவோட பால் பாத்திரத்துல தெர்மாமீட்டரோட போட்டுக் கொதிக்க வச்சேன். (அம்மா போட்ட சத்தத்துக்கு ஸ்ரீபெரும்புதூர் ஃபேக்டரி சங்கெல்லாம் பிச்சை வாங்கணும்!) சரியா 82 பக்கத்துல திறக்க ஆரம்பிச்சுது. ஆறினதும் மூடிக்கிச்சு. அப்புறம்தான் வண்டியில போட்டேன்.

இன்னொண்ணு. முழுசா திறந்துட்டா தெர்மோஸ்டாட் பெருசா எதையும் தடுக்காது. அதுக்கப்புறமும் வண்டி கொதிச்சா ரேடியேட்டரைப் பாருங்க. எங்க ரேடியேட்டர்ல போர்வெல் தண்ணி உப்பு குழாய்க்குள்ள கல்லு மாதிரி. மேல் டேங்கைக் கழட்டி, கம்பி விட்டுக் குத்தி எடுத்தோம். இப்போ கூலண்ட்தான், போர்வெல் தண்ணி கிடையாது.

லைனர் போட்ட எஞ்சினோட, மே மாச மத்தியானம், இருங்காட்டுக்கோட்டைல கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவுல முக்கால் மணி நேரம் நின்னோம். அப்பா ரோட்டையே பார்க்கல, டெம்பரேச்சர் முள்ளையேதான் பார்த்துட்டு இருந்தார். முள்ளு நடுவுலேர்ந்து கொஞ்சம் மேல போச்சு, நின்னுடுச்சு.

"அந்த ஆளு பேச்சைக் கேட்டிருக்கக் கூடாதுடா"ன்னார். அவ்வளவுதான். :-)

டிஸ்கி: 1930-கள்ல வந்த மோரிஸ் எய்ட் மாதிரி வண்டி வச்சிருக்கிறவங்க அவசரப்படாதீங்க. அதுல வாட்டர் பம்ப்பே கிடையாது. சூடான தண்ணி மேல ஏறி, ஆறினது கீழ இறங்கித்தான் ஓட்டமே. அந்த மெல்லிசான ஓட்டத்துக்கு எந்தத் தடையும் பெருசுதான்.