கல்மரமா, ராட்சத எலும்பா?

பௌர்ணமிக்குத் திருவக்கரை வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? வில்லியனூர்க்காரர்களுக்கு அது பக்கம்தான். அங்குள்ள கல்மரப் பூங்காவையும் பார்த்திருப்பீர்கள். பார்த்தால் மரம், தட்டினால் கல்! 'டைனோசர் காலத்து மரம்' என்று பிள்ளைகளிடம் சொல்வோம். ஆனால் அவற்றின் வயது சுமார் 2 கோடி ஆண்டுகள்தான். டைனோசர்கள் அதற்கு 4 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே அழிந்துவிட்டன.

டைனோசர் காலத்து மண் வேண்டுமென்றால் வில்லியனூர் கொம்யூனிலேயே இருக்கிறது. இன்று தொழிற்பேட்டை இருக்கும் சேதராப்பட்டும், பக்கத்திலுள்ள கரசூரும் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல். சாளக்கிராமத்தில் சுருள் பார்த்திருப்பீர்களே, அந்த அம்மோனைட் இன உயிரிகள் இங்கேயும் கல்லாகிக் கிடக்கின்றன. புதுச்சேரிப் பகுதியில் சேகரித்த இத்தகைய படிமங்களை லண்டனில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து, 1846-ல் வெளியிட்டார்.

சரி, அதே காலத்தில் கரையில் நடந்தது யார்? அதற்கு விழுப்புரம் போய், அரியலூருக்கு ரயில் ஏற வேண்டும். அரியலூர் பக்கத்துக் கல்லமேட்டில் கிடைத்தது ஒரு ராட்சதனின் எலும்பு. பெயர் புரூகத்காயோசாரஸ், 'பேருடல் பல்லி' என்று பொருள். 1980-களில் பெயர் வைத்தபோது ஊன் தின்னி என்றார்கள். பிறகுதான் நீண்ட கழுத்துள்ள இலை தின்னி என்று தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர்! உலகப் புகழ்பெற்ற அர்ஜென்டினோசாரஸுக்கே அது சுமார் ஒன்றரை மீட்டர்தான்.

அந்த அர்ஜென்டினா எலும்பின் கதையும் சுவையானது. 1987-ல் தன் நிலத்தில் அதைக் கண்ட விவசாயி, கல்மரம் என்றே நினைத்தார். ஆராய்ச்சியாளர்கள் வந்து பார்த்து, எலும்பு என்றார்கள். அது இன்றும் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. யாரும் போய் அளந்து பார்க்கலாம்.

நம் ராட்சதனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தோண்டியெடுத்த எலும்புகள் பாதுகாக்கப்படும் முன்பே பொடிந்துபோயின. மிஞ்சியவை அளவுகளும் படங்களும்தான். அதனால்தான் 'அது எலும்பா, கல்மரமா?' என்ற சந்தேகம் வெளிநாட்டில் எழுந்தபோது, எடுத்துக்காட்ட நம்மிடம் எதுவும் இல்லை. 2022-ல் பழைய புகைப்படங்கள் சில வெளிவந்த பிறகே எலும்புதான் என்ற தரப்புக்கு வலு கூடியது.

விடுமுறையில் அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். நம் ஊரில் கிணறு வெட்டும்போது சுருள் சுருளாக ஒரு கல் வந்தால், உடைக்காதீர்கள். கிடந்த இடத்தோடு ஒரு படம் எடுத்து, காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகப் புவி அறிவியல் துறையினரிடம் காட்டுங்கள். 7 கோடி ஆண்டு மண்ணுக்குள் தாங்கிய கல், நம் கைக்கு வந்த பிறகா பொடியாக வேண்டும்?