சாவியைக் கொடுக்கும் வயது

எங்கள் ஊர் அபிராமத்தில் ஒரு காலத்தில் விளக்கு வைத்ததுமே கரண்ட் இளைத்துவிடும். குண்டு பல்பு செந்நிறமாக மங்கும். வெளிநாடு போய் வந்த சபுராளிகள் ஆசையாக வாங்கி வைத்த ஃபிரிட்ஜ் உறுமிவிட்டு நின்றுபோகும். அதனால் ஃபிரிட்ஜோடு ஸ்டெபிலைசரும் சேர்த்து வாங்குவோம். அதற்குள் இருப்பது ஒரு டிரான்ஸ்ஃபார்மர். அதன் சுருளில் பல இடங்களில் இணைப்பு எடுத்திருப்பார்கள். 170 வோல்ட் வந்தால் ரிலே 'டிக்'கென்று இணைப்பை மாற்றி 230-ஐ ஒட்டிக் கொடுக்கும். கரண்ட் போய் வந்தாலும் உடனே விடாது. கம்ப்ரஸருக்குள் அழுத்தம் தணியட்டும் என்று சில நிமிடம் காத்திருக்கும்.

இந்தப் பெட்டியைச் செய்துதான் 1977-இல் கொச்சியில் வி-கார்டு நிறுவனம் பிறந்தது. தொடங்கியவர் திருச்சூர்ப் பக்கத்துக்காரரான கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி. இயற்பியலில் முதுகலை படித்தவர். திருவனந்தபுரத்தில் ஒரு சிறு மின்னணு நிறுவனத்தில் மேற்பார்வையாளராக இருந்து தொழில் பழகியவர். தகப்பனார் கடனாகக் கொடுத்த ஒரு லட்சம் ரூபாயும் இரண்டு தொழிலாளிகளும்தான் முதல்.

அந்தத் தகப்பனாரைத்தான் நான் அதிகம் நினைக்கிறேன். அன்றைய ஒரு லட்சம் சின்னத் தொகை இல்லை. நிலமாக வாங்கிப் போட்டிருக்கலாம். முப்பதைத் தொடாத மகனை நம்பிக் கொடுத்தார். அதையும் கடனாகக் கொடுத்தார். சும்மா கிடைத்த பணத்துக்குக் கணக்கு இருக்காது. திருப்பித் தரவேண்டிய பணம்தான் ராத்திரி உட்கார்ந்து கணக்குப் பார்க்க வைக்கும்.

பிறகு சிறு பட்டறைகளும் பெண்களின் சுயஉதவிக் குழுக்களும் வி-கார்டுக்குப் பொருள் செய்து கொடுத்தன. 2008-இல் நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது. 2011-இல் கொச்சௌசேப் உறவில்லாத ஒரு லாரி ஓட்டுநருக்குத் தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தார். 2012-இல் நிர்வாக இயக்குநர் பொறுப்பு மகன் மிதுனுக்குப் போனது. அப்போது தகப்பனுக்கு வயது அறுபதை ஒட்டித்தான். உடம்பிலும் தெம்பு இருந்தது. அப்படியிருந்தும் இடம் விட்டார்.

நம் பக்கத்தில் எழுபதைத் தாண்டியும் கல்லாவை விட்டு எழாதவர்கள் எத்தனை பேர்! நரை விழுந்த மகன் பக்கத்தில் நின்றுகொண்டு, சில்லறைக்கும் அத்தாவிடம் கை நீட்டுகிறான். என் வயதுக்காரர்களைக் கேட்கிறேன்: சரக்குப் பிடிக்கும் நேக்கையும், கடன் கேட்டு வருகிறவரின் குணத்தையும் பிள்ளைகள் யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்? நாம் போன பிறகா?

என் கடையின் வங்கிக் கணக்கில் மகன் கையெழுத்தே செல்லும்படி எழுதிக் கொடுத்துவிட்டேன். வந்த வேகத்தில் எனக்குப் பிடிக்காத ஒரு சரக்கை எடுத்தான். எடுக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.