நின்று பார்க்க வெயில் வேண்டும்

மேற்கு ஆஸ்திரேலியாவின் நார்ஸ்மன் என்ற சிற்றூரில் கிழக்கே திரும்பினால் ஐர் நெடுஞ்சாலை தொடங்குகிறது. தெற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் அகஸ்டா போய்ச் சேர 1,600 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். இடையில் விரிந்து கிடக்கிறது நல்லர்போர் சமவெளி. சுமார் 2 லட்சம் சதுர கிலோமீட்டர் சுண்ணாம்புப் பாறை. பெய்கிற கொஞ்ச மழையையும் பாறை இடுக்குகள் குடித்துவிடுவதால் ஆறு இல்லை. நடுப்பகுதியில் மரமும் இல்லை. 1841-இல் எட்வர்ட் ஜான் ஐர் இந்தக் கரையோரத்தைக் கால்நடையாகக் கடந்தார். கடைசி வரை அவருடன் நடந்தவர் வைலி என்ற பழங்குடி இளைஞர். அந்தத் தடத்தில் தார்ச்சாலை முழுவதுமாக அமைந்தது 1976-இல்தான்.

பெர்த்தில் இருக்கும் என் தங்கை கணவரின் கேம்பர் வேனில்தான் புறப்பட்டோம். படுக்கை, சின்ன ஃபிரிட்ஜ், தண்ணீர் பம்பு, எல்இடி விளக்குகள் எல்லாம் அதற்குள் அடக்கம். இவற்றுக்கு மின்சாரம் தருவது 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி. வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர் அதை நிரப்பும். வண்டி நின்றால் நிரப்ப ஆளில்லை. ஃபிரிட்ஜ், விளக்கு, போன் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு 45 ஆம்பியர்-மணி எடுத்துக்கொள்ளும். இரண்டு நாள் ஓரிடத்தில் தங்கினால் பேட்டரி ஏறக்குறைய காலி. ஆக, இந்த வேன் எங்களை ஓடிக்கொண்டே இருக்கச் சொன்னது. நாங்கள் போவதோ திமிங்கிலம் பார்க்க. திமிங்கிலத்துக்காகக் காத்திருக்க வேண்டும்.

அதனால் புறப்படும் முன்பே மடக்கி எடுத்துச் செல்லும் 160 வாட் சோலார் பேனல் ஒன்றைச் சேர்த்தோம். கூரையில் நிரந்தரமாகப் பொருத்தும் பேனலை மாப்பிள்ளை வேண்டாம் என்றார். "மச்சான், அந்தச் சமவெளியில காத்து சும்மா விடாது. வண்டியை மரத்தடியில, புதர் மறைவுலதான் போடணும். கூரையில பேனல் இருந்தா அதுவும் நிழல்லயே கிடக்கும். இதுன்னா வண்டி ஒரு பக்கம், பேனல் ஒரு பக்கம்."

பேனலிலிருந்து பேட்டரிக்கு நேராக ஒயரை இழுத்துவிட முடியாது. 12 வோல்ட் பேனல் என்று விற்பது வெயிலில் 18 வோல்ட் அளவில் வேலை செய்கிறது. எதனுடனும் இணைக்காதபோது 21, 22 வோல்ட் வரை காட்டுகிறது. அதைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றி, நிரம்பியதும் குறைத்துவிட ஒரு சார்ஜ் கண்ட்ரோலர் நடுவில் வேண்டும். எம்பிபிடி வகையாக இருந்தால், கூடுதலாக இருக்கும் வோல்ட்டை வீணாக்காமல் ஆம்பியராக மாற்றித் தரும். அதைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வேனுக்குள் திருகினோம். பேட்டரியின் பாசிட்டிவை ஒட்டி 20 ஆம்பியர் ஃபியூஸ். நெகட்டிவ் ஒயரை நேராகப் பேட்டரியில் மாட்டாமல், இருப்பைக் கணக்கிடும் ஷண்ட்டின் மறுபக்கத்தில் மாட்டினோம். அப்போதுதான் வருகிற வெயிலும் மீட்டரின் கணக்கில் ஏறும். பேனலின் ஒயரை மாட்ட வேனின் பின்பக்கத்தில் சாம்பல் நிற ஆண்டர்சன் பிளக். ஆஸ்திரேலியாவில் கேரவன்காரர் எவரைக் கேட்டாலும் தெரியும் பிளக் அது.

ஒயரின் தடிமனில் மாப்பிள்ளை விட்டுக்கொடுக்கவில்லை. பத்து மீட்டர் தள்ளிப் பேனலை வைத்தால், போக வர இருபது மீட்டர் செம்பு. அது 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயராக இருந்தால் வழியிலேயே ஏறக்குறைய 2 வோல்ட் சூடாகிப் போய்விடும். 6 சதுர மில்லிமீட்டர் என்றால் அரை வோல்ட்டோடு போகும். வேனுக்குள் ஏற்கெனவே கண்ட்ரோலர் இருப்பதால் பேனலின் முதுகில் ஒட்டி வந்த கண்ட்ரோலரைக் கழற்றி வைத்தார். ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு இருந்தால் இரண்டும் சரியாக வேலை செய்யாது.

முதல் பெரிய நிறுத்தம் பல்லடோனியா. 1979 ஜூலையில் அமெரிக்காவின் ஸ்கைலேப் விண்வெளி நிலையம் உடைந்து விழுந்தபோது அதன் துண்டுகள் சிதறிய நிலப்பரப்பு இது. சாலையோர விடுதியை ஒட்டிய சிறு காட்சியகத்தில் அந்தக் கதையை வைத்திருக்கிறார்கள். ஸ்கைலேப்பும் வெயிலில் ஓடிய வீடுதான். 1973-இல் ஏவியபோதே அதன் இரு பெரிய சூரிய இறக்கைகளில் ஒன்று பிய்ந்து போனது. மற்றொன்று சிக்கிக்கொண்டு விரியவில்லை. விண்வெளி வீரர்கள் வெளியே வந்து, சிக்கியிருந்த பட்டையை வெட்டி அதை விரித்தார்கள். அதன் பிறகே அந்த வீட்டுக்குப் போதுமான மின்சாரம் வந்தது. பக்கத்தில் நிற்கும் எங்கள் வேனில் ஒரு மடக்குப் பேனல் இருக்க, இதை இங்கே நின்று படித்தபோது உடம்பு சிலிர்த்தது.

பல்லடோனியாவைத் தாண்டியதும் ஒரு வளைவுகூட இல்லாமல் 146.6 கிலோமீட்டர் நேர்ச்சாலை. அது முடிகிற கைகூனாவில் கடிகாரத்தை 45 நிமிடம் முன்னே தள்ளச் சொல்கிறது ஒரு பலகை. சட்டத்தில் இல்லாத நேரம் இது. மேற்கின் நேரத்துக்கும் கிழக்கின் நேரத்துக்கும் நடுவே சில சிற்றூர்கள் தாங்களாகவே வகுத்துக்கொண்டு வாழும் நேரம்.

அன்று மாலி மரங்கள் சூழ்ந்த ஓர் ஓய்விடத்தில் காற்று மறைவாக வண்டியை நிறுத்தினோம். மறுநாள் காலை புல்லில் வெள்ளையாக உறைபனி. "இப்பவே மாட்டிடலாமா?" என்றேன். "இருங்க மச்சான். பேட்டரி சுழியத்துக்குக் கீழ குளிர்ந்து கிடந்தா சார்ஜ் ஏத்தக் கூடாது. கொஞ்சம் சூடாகட்டும்." லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து ஆயுளைத் தின்றுவிடும். நல்ல பேட்டரிக்குள் இருக்கும் காவல் சுற்று அதைத் தானே தடுத்துவிடும். ஆனாலும் அவர் பொறுத்திருந்தே பழகியவர்.

பனி கரைந்ததும் பேனலை வெட்டவெளிக்குத் தூக்கிப் போனோம். நம் ஊர் மாடிகளில் தெற்கு பார்த்து வைப்பதை இங்கே வடக்கு பார்த்து வைக்க வேண்டும். உச்சிப்பொழுதிலும் சூரியன் வடக்கில், அடிவானத்திலிருந்து நாற்பது பாகைகூட ஏறாமல் நின்றது. பிளக்கை மாட்டும் முன் மல்டிமீட்டரால் பிளஸ், மைனஸ் பார்த்தார். முதலில் பேட்டரி கண்ட்ரோலருடன் சேர்ந்திருக்க வேண்டும், பிறகே பேனல். கழற்றும்போது முதலில் பேனல். மாட்டியதும் திரையில் எண் எழுந்தது. பேனல் தரையில் படுத்திருந்தபோது ஐந்தரை ஆம்பியர். கால்களை விரித்துச் சூரியனுக்கு நேராக நிமிர்த்த நிமிர்த்த ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. ஒரு மாலிக் கிளையின் நிழல் ஓரத்து மூலையில் விழுந்ததும் எண் சரிந்தது. வரிசையாகக் கோத்த செல்களில் ஒன்று இருட்டானாலும் அந்த வரிசை முழுவதும் தளர்ந்துவிடும். ஓரடி நகர்த்தியதும் பழையபடி ஒன்பது. காற்றில் குப்புற விழாமல் இருக்கக் கால்களைத் தறியடித்துக் கட்டினோம். கூரையில் கிடக்கும் பேனலுக்கு இந்தச் சலுகைகள் கிடையாது. குளிர்கால வெயிலில் கிடைக்கும் நல்ல நான்கு மணி நேரத்தை முழுதாக அள்ள, கையால் திருப்பி வைக்கும் பேனலே ஏற்றது.

 

கிழக்கே போனால் யூக்லா. மணற்குன்றுகளுக்கு நடுவே கூரையில்லாச் சுவர்கள் நிற்கின்றன. 1877-இல் திறந்த தந்தி நிலையம் அது. மேற்கு ஆஸ்திரேலியாவை மற்றக் குடியேற்றங்களோடு பேசவைத்த கம்பி இதன் வழியே சென்றது. முயல்கள் பெருகிப் புல் பூண்டைத் தின்று தீர்த்தபின், பிடிப்பிழந்த மணல் ஊர்ந்து வந்து ஊரை மூடியது. சுவரில் கை வைத்து நின்றேன். உள்ளங்கையில் சுண்ணாம்புப் பொடி ஒட்டியது. தந்தியும் பேட்டரியில் ஓடியதுதான். அந்தப் பேட்டரிகளின் ரசாயனம் தீர்ந்தால் புதிதாகக் கொண்டுவர வேண்டும், அதுவும் தண்ணீரே அரிதான இந்தக் கரைக்கு. அந்த ஊழியர்களின் தலைக்கு மேலும் இதே வெயில் காய்ந்தது. அதை மின்சாரமாக்கும் சிலிக்கான் செல்லை அமெரிக்காவின் பெல் ஆய்வகம் செய்து காட்டியது 1954-இல். யூக்லா நிலையம் மூடி அதற்குள் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

மாநில எல்லையைக் கடந்தால் பண்டா செங்குத்துப் பாறைகள். சமவெளி அப்படியே அறுபது மீட்டருக்கு மேல் கடலுக்குள் முறிந்து விழுகிறது. இன்னும் கிழக்கே ஹெட் ஆஃப் பைட். தென் ரைட் திமிங்கிலங்கள் தென்துருவக் கடலை விட்டுக் குட்டி ஈனக் குளிர்காலத்தில் இங்கே வருகின்றன. மெதுவாக நீந்துபவை, கொன்றால் மிதப்பவை என்பதாலேயே 19-ஆம் நூற்றாண்டு வேட்டைக்காரர்கள் இவற்றைக் கிட்டத்தட்ட அழித்தார்கள். மிச்சமானவற்றின் வழித்தோன்றல்களைத்தான் பாறை விளிம்பின் மரப்பாலத்திலிருந்து பார்த்தோம். இந்தக் கரையின் மிர்னிங் பழங்குடி மக்களுக்குத் திமிங்கிலம் உறவு.

முதல் நாள் கண்டது கறுத்த முதுகும் மூச்சின் நீர்ப்புகையும்தான். பக்கத்து ஓய்விடத்தில் தங்கி மறுபடி போனோம், மறுபடியும் போனோம். பேனல் பகலெல்லாம் நிரப்பியது. ஃபிரிட்ஜில் பாலும் காய்கறியும் கெடவில்லை. இரவில் விளக்கு எரிந்தது. பேட்டரியை நிரப்புவதற்காக இன்ஜினை ஓடவிடத் தேவையே வரவில்லை. அப்படித் தங்கியதால்தான் பார்க்கக் கிடைத்தது: தலையில் வெள்ளைத் திட்டுகள் கொண்ட ஒரு தாய் மல்லாந்து கிடக்க, குட்டி அதன் வயிற்றின்மேல் ஏறிச் சறுக்கி மறுபடி ஏறியது. இந்த மாதங்களில் தாய் பெரும்பாலும் இரை எடுப்பதில்லை. கோடையில் தென்கடலில் தின்று சேர்த்த கொழுப்பை உருக்கியே குட்டிக்குப் பால் தருகிறது. சேமிப்பு இருப்பதால்தான் அது இங்கே அசையாமல் கிடக்க முடிகிறது.

இந்தச் சமவெளியை ஒரே மூச்சில் கடந்துவிட்டு, பார்க்க ஒன்றுமில்லை என்று சொல்பவர்கள் உண்டு. வேகத்தில் போனால் ஒன்றும் இல்லைதான். மரத்தடி, உறைபனி, மணல் மூடிய சுவர், மல்லாந்த திமிங்கிலம் எல்லாமே நின்றவர்களுக்குக் கிடைப்பவை. தொலைதூரம் போகும் வேனுக்கு எதைச் சேர்க்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: இன்னும் வேகமாகப் போக உதவுவதை விட்டுவிட்டு, இன்னொரு நாள் தங்க உதவுவதை முதலில் வாங்குங்கள். கையில் தூக்கிப் போகும் ஒரு பேனல், தடித்த ஒயர், நல்ல கண்ட்ரோலர், பேட்டரியை ஒட்டிய ஃபியூஸ். இவ்வளவுதான் செலவு.