எரிந்த பூங்காவும் ஓடாத கப்பலும்

பெய்ஜிங் மாநகரின் வடமேற்கே, பெயர்பெற்ற இரு பல்கலைக்கழகங்களுக்கு அயலில், ஏறக்குறைய 350 ஹெக்டயர் பரப்பில் ஒரு பூங்கா விரிந்து கிடக்கின்றது. யுவான்-மிங்-யுவான் என்பது அதன் பெயர். சீனத்துக்குச் செல்வோர் பெரும்பாலும் நகர நடுவிலுள்ள அரண்மனையையும் நெடுஞ்சுவரையும் கண்ட அளவில் மனநிறைவு பெற்றுத் திரும்பிவிடுவர். நாமோ இப்பூங்காவையும், இதற்கு மேற்கே சிறிது தொலைவிலுள்ள ஈ-ஹே-யுவான் என்னும் கோடை மாளிகையையும் ஒரே நாளிற் பார்த்தோம். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் சீனப் பேரரசு ஏன் தளர்ந்தது என்னும் வினாவுக்கு நூல்கள் கூறும் விடைகளைக் கல்லிலும் நீரிலும் காண விரும்புவோர்க்கு இவ்விரண்டு இடங்களும் போதியன.

யுவான்-மிங்-யுவானிற் காண்பதற்கு ஏரிகள் உண்டு. தாமரைத் தடாகங்கள் உண்டு. நாணல் அடர்ந்த கரைகள் உண்டு. அரண்மனைகள்தாம் இல்லை. 1707 ஆம் ஆண்டிற் காங்சிப் பேரரசர் தம் நான்காம் மைந்தருக்கு அளித்த சோலை இது. அம்மைந்தரும், அவருக்குப் பின் அவர் மைந்தரான சியென்லுங்கும் இதனைப் பெருக்கி, ஆண்டின் பெரும்பகுதியை இங்கேயே கழித்து, நாட்டையும் இங்கிருந்தே ஆண்டனர். மாளிகைகள் யாவும் மரத்தாலானவை. ஆதலின் அவை எரிந்தபின் எஞ்சியது மண்மேடே. வடகிழக்கு மூலையில் மட்டும் சரிந்த தூண்களும், சிற்பங்கள் செதுக்கிய வெண்கல் வளைவுகளும் நிற்கின்றன. அவை இத்தாலியரான காஸ்திலியோனே முதலிய யேசுசபைத் துறவிகளைக் கொண்டு சியென்லுங் கட்டுவித்த ஐரோப்பிய மாளிகைகளின் எச்சங்கள். சீனத்தின் பேரழிவுக்கு அடையாளமாக உலகெங்கும் படங்களிற் காட்டப்படும் இடிபாடு உண்மையில் ஐரோப்பியப் பாணிக் கட்டடம் என்பது விந்தையன்றோ!

அங்கே ஒரு வற்றிய தடாகத்தின் முன் நின்றோம். முன்னாளில் அதன் இருமருங்கும், காலத்தைக் குறிக்கும் பன்னிரு விலங்குகளின் வெண்கலத் தலைகள் அமைந்திருந்தன. இரண்டு மணிக்கு ஒன்றாக அவை முறைவைத்து நீர் உமிழும். நண்பகலிற் பன்னிரண்டும் ஒருங்கே உமிழும். இந்த நீர்ப்பொறியை அமைத்தவர் பெனுவா என்னும் பிரெஞ்சுத் துறவி. அவர் 1774 இல் மறைந்தார். அவருக்குப்பின் பொறிகளைப் பேணத்தக்கவர் உருவாகவில்லை. பேரரசர் வருகின்ற நாள்களில் ஆட்களே நீரைச் சுமந்துவந்து தொட்டிகளை நிரப்பினர் என வரலாறு கூறும். நீர் பாய்ந்தது, பேரரசர் மகிழ்ந்தார். பொறி நின்றுபோனமை பற்றி அரசவை கவலுற்றதாகத் தெரியவில்லை. மஞ்சு அரசின் தளர்ச்சிக்கு இதனினும் பொருத்தமான தொடக்கத்தை நாம் அறியோம்.

1793 ஆம் ஆண்டிற் பிரித்தானியத் தூதராக மக்கார்ட்னி பிரபு வந்தார். அவர் கொணர்ந்த கோளரங்கக் கருவி முதலியன இப்பூங்காவின் மண்டபத்திலேயே வைக்கப்பட்டன. அயல்நாட்டுப் பொருள் எதுவும் எமக்குத் தேவையில்லை என்னும் கருத்துப்பட மூன்றாம் ஜோர்ஜ் மன்னருக்கு மறுமொழி சென்றது. அந்நாளில் அது வெறும் இறுமாப்பன்று. சீனத்தின் தேயிலையையும் பட்டையும் பெற ஐரோப்பா வெள்ளியைக் கொட்டிக்கொடுத்த காலம் அது. ஆயினும் அப்பெருவளத்தின் உள்ளே அரிப்பு தொடங்கிவிட்டது. பேரரசரின் அன்புக்குரிய அமைச்சர் ஹோஷென் திரட்டிய செல்வம் அளவிறந்தது. சியென்லுங் மறைந்த 1799 ஆம் ஆண்டிலேயே அவரும் தண்டிக்கப்பட்டு உயிர்துறந்தார். 1796 முதல் 1804 வரை நீடித்த வெண்டாமரைக் கிளர்ச்சியை அடக்குவதற்குள் கருவூலம் வறண்டது. அந்நூற்றாண்டின் இறுதியில் ஏறக்குறைய 30 கோடியாக இருந்த மக்கட்டொகை 1850 அளவில் 43 கோடியாயிற்று. நிலம் அவ்வாறு வளரவில்லை. அதிகாரிகளின் தொகையும் வளரவில்லை. அவ்வதிகாரிகளைத் தெரிந்தெடுத்த தேர்வோ பழைய நூல்களை மனனஞ்செய்து, எட்டு உறுப்புகள் கொண்ட கட்டுரை வரைவோரையே போற்றியது. கணக்கும் பொறியியலும் கடலும் அதிற் புகவில்லை. ஆசிரியத் தொழிலில் இருக்கும் எம்மை நின்று சிந்திக்கவைத்த செய்தி இது.

இந்நிலையில் அபினி வந்தது. இந்திய மண்ணில் விளைவிக்கப்பட்ட அபினி, 1820 அளவில் ஆண்டுக்குச் சுமார் 5,000 பெட்டிகளாகவும், 1838 அளவிற் சுமார் 40,000 பெட்டிகளாகவும் சீனக் கரையை அடைந்தது. முன்னர் உள்ளே வந்த வெள்ளி இப்போது வெளியே ஓடியது. உழவன் தன் விளைபொருளைச் செப்புக்காசுக்கு விற்று, வரியை வெள்ளிக் கணக்கிற் செலுத்தினான். ஒரு தயேல் வெள்ளிக்கு ஆயிரங் காசாக இருந்த விலை இரண்டாயிரத்தை எட்டியபோது, அரசன் வரியை உயர்த்தாமலே குடியானவனின் சுமை இருமடங்காயிற்று. லின் சே-சூ என்னும் நேர்மையாளர் 1839 இல் 20,000 பெட்டிகளுக்கு மேற்பட்ட அபினியைக் கைப்பற்றி அழித்தார். பிரித்தானியர் போர்க்கப்பல்களை அனுப்பினர். 1842 ஆம் ஆண்டின் நான்கிங் உடன்படிக்கையால் ஹொங்கொங் பறிபோயிற்று; ஐந்து துறைமுகங்கள் திறக்கப்பட்டன. அப்போரிற் கன்ரன் நகருக்கு வெளியே, கொட்டும் மழையிற் சீனக் கிராமத்தாரின் நடுவே அகப்பட்டு நின்ற படைவகுப்புகளுள் ஒன்று 37 ஆவது சென்னைச் சுதேசிக் காலாட்படை என்பதையும் நாம் மறத்தலாகாது. அந்நியன் ஏந்திய வாளிற் கீழைத்தேயத்தார் கையும் இருந்தது.

இப்பூங்காவின் முடிவு 1860 இல் நேர்ந்தது. இரண்டாம் அபினிப் போரை முடிக்க வந்த பிரித்தானியத் தூதர் எல்ஜின் பிரபுவும், பிரெஞ்சுத் தூதர் குரோ பிரபுவும் அவ்வாண்டு மே மாதம் எமது காலித் துறைமுகத்தில், ‘மலபார்’ என்னும் கப்பல் பாறையில் மோதி அமிழ்ந்தபோது உயிர்தப்பியவர்கள். அங்கிருந்து பயணத்தைத் தொடர்ந்து, ஐப்பசியிற் பெய்ஜிங்கின் வாயிலை அடைந்தனர். வெள்ளைக்கொடியுடன் சென்ற தூதுக்குழுவினரைச் சீனர் சிறைப்பிடித்தனர். அவர்களுட் சுமார் இருபதுபேர் சிறையில் மாண்டனர். இரு படைகளும் பூங்காவைக் கொள்ளையிட்டன. பின்னர், அக்டோபர் 18 ஆம் நாள், பழிக்குப்பழியாக அதனை எரிக்குமாறு எல்ஜின் ஆணையிட்டார். மக்கார்ட்னி அளித்த பரிசுகளுட் சில பயன்படுத்தப்படாமலே அங்கே கிடந்தனவாம். கொள்ளைபோன விலங்குத் தலைகளுள் இதுவரை ஏழு சீனத்துக்கு மீண்டுள்ளன. குதிரைத்தலை 2020 இல் இப்பூங்காவுக்கே திரும்பிற்று.

அந்நெருப்பைப் பார்த்து நெஞ்சு கொதியாதார் இல்லை. ஆயின் அதே வேளையிற் சீனத்தின் தென்பகுதியில் ஒரு பங்கு எவர் கையில் இருந்தது? அரசாங்கத் தேர்விற் பன்முறை தவறிய ஹுங் சியு-சுவான் என்பவர் தலைமையில் எழுந்த தைப்பிங் கிளர்ச்சியாளர் 1853 முதல் 1864 வரை நான்கிங் நகரைத் தலைநகராக்கி ஆண்டனர். அவ்வுள்நாட்டுப் போரில் மாண்டோர் இரண்டு கோடிக்கு மேல் என மதிப்பிடுவர். அதனை அடக்கியது பேரரசின் படையன்று; மாகாணத் தலைவர்கள் தாமே வரிதண்டித் தாமே திரட்டிய படைகள். அவ்வரியும் படையும் அதன்பின் முற்றாக மத்திய அரசின் கைக்கு மீளவேயில்லை. வள்ளுவர் உட்பகைக்குத் தனியதிகாரமே வகுத்ததன் நுட்பம் இங்கே விளங்குகின்றது.

பிற்பகலில் ஈ-ஹே-யுவானை அடைந்தோம். இங்கே யாவும் அழகு. எங்கும் மக்கள் திரள். ஏரிக்கரையில் 36 மீற்றர் நீளமான கற்கப்பல் ஒன்று நிற்கின்றது. 1755 இற் சியென்லுங் அமைத்த கல்லடித்தளத்தின்மேல், 1893 இற் பேரரசி ட்சு-ஷி புதிய மேற்கட்டைக் கட்டுவித்தார். நீராவிக் கப்பலைப்போல இருபுறமும் சக்கரங்கள், அவையும் கல்லே. மேல்மாடியோ சலவைக்கல்லைப்போல வண்ணந்தீட்டிய மரம். 1888 இல் வடகடற் கடற்படையை அமைத்த அரசு, அதன்பின் அதற்குப் பெருங்கப்பல் ஒன்றேனும் வாங்கவில்லை. அதற்குரிய பணத்தில் எவ்வளவு இம்மாளிகையிற் செலவாயிற்று என்பதில் ஆராய்ச்சியாளர் வேறுபடுவர். செலவானது என்பதில் வேறுபாடு இல்லை. 1894 செப்டெம்பரில், பேரரசியின் அறுபதாம் ஆண்டு விழாவுக்கு ஆயத்தங்கள் நடந்துகொண்டிருக்கையில், யாலு ஆற்றின் முகத்துவாரத்தில் யப்பானியர் சீனக் கப்பல்கள் ஐந்தை அழித்தனர். மறுவருட உடன்படிக்கை தைவானையும் 20 கோடி தயேல் வெள்ளியையும் பறித்தது. காலியிற் கண்டெடுக்கப்பட்டுக் கொழும்பு நூதனசாலையிலுள்ள 1409 ஆம் ஆண்டு மும்மொழிக் கல்வெட்டைப் பார்த்தோர், சீனமும் தமிழும் பாரசீகமும் பொறித்த கல்லுடன் செங் ஹோவின் கலங்கள் இலங்கைவரை வந்தமையை அறிவர். அத்தகைய நாட்டின் கப்பல் ஏரிக்கரையிற் கல்லாய் நிற்பதைக் காணும்போது சிரிப்பு வருவதில்லை.

மாளிகைத் தொகுதியிலே மற்றொரு காட்சி உண்டு. 1898 இற் பள்ளிகளையும் தேர்வுகளையும் நிருவாகத்தையும் திருத்த முனைந்த இளம்பேரரசர் குவாங் சூ, நூறு நாளளவில் ட்சு-ஷியால் ஒடுக்கப்பட்டார். அவர் இங்கே தங்கும் காலங்களிற் காவலில் வைக்கப்பட்ட மண்டபத்தின் பக்க அறைகளில், வழியை அடைத்து எழுப்பிய செங்கற்சுவர் இன்றும் இருக்கின்றது. 1908 இல் அவரும், மறுநாட் பேரரசியும் மறைந்தனர். அவர் உடலில் நஞ்சு இருந்தமையை 2008 இல் நிகழ்த்திய ஆய்வு உறுதிசெய்தது. பழைய தேர்வு 1905 இல் ஒழிந்தது. முடியாட்சி 1912 இல் ஒழிந்தது. மருந்து வந்தபோது நோயாளி பிழைக்கும் நிலையில் இல்லை.

யுவான்-மிங்-யுவானுக்குச் சீன மாணவர் கூட்டங்கூட்டமாக அழைத்துவரப்படுகின்றனர்; நாட்டுப்பற்றுக் கல்விக்குரிய இடமாக அரசு அதனைப் பேணுகின்றது. அது முறையே. பிறர் இழைத்த கொடுமையை மறக்கும்படி எந்த நாட்டையும் கேட்கும் உரிமை எவர்க்கும் இல்லை. ஆயின் கற்கப்பலின் முன்னும், அச்செங்கற்சுவரின் முன்னும் பயணிகள் ஒருகணம் நின்று படம்பிடித்துக்கொண்டு நகர்ந்துவிடுகின்றனர். எரித்தவன் யார் என்று கேட்பது எளிது. பெனுவாவின் பொறி நின்ற அன்று அதனைப் பழுதுபார்க்க ஏன் ஒருவரும் பயிற்றப்படவில்லை என்று கேட்பது அரிது. அரசைப் படகுக்கும் மக்களை அதனைத் தாங்கும் நீருக்கும் ஒப்பிட்ட பழைய உவமை சீனரிடையே உண்டு. நீரை மறந்த அரசு கல்லாற் படகு செய்தாலும் தப்பாது. வரலாறு கற்பிக்கும் நாம் எம் மாணவர்க்கு முதலாம் வினாவோடு இரண்டாம் வினாவையும் கேட்கப் பழக்குதல் வேண்டும்.