தரங்கம்பாடிக் கடற்கரையில்

பெங்களூரில் வாழும் நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்குக் கோடை விடுமுறை என்றாலே கும்பகோணமும் மயிலாடுதுறையுந்தான். மாலையில் வண்டியேறி விடியலில் காவிரிக் கரையில் இறங்கும் நம்மவர், அங்கிருந்து கிழக்கே ஏறக்குறைய முப்பது கிலோமீட்டரில் இருக்கும் தரங்கம்பாடியை எட்டிப் பார்ப்பது அரிது. இவ்வாண்டு நாங்கள் மூன்று குடும்பத்தினர் பிள்ளைகளுடன் சென்று வந்தோம். முன்னாளில் மயிலாடுதுறையிலிருந்து அவ்வூருக்கு ரயில் ஓடிற்று. 1926இல் தொடங்கிய அந்தப் பாதை 1986இல் மூடப்பெற்றது. இப்பொழுது பேருந்துதான்.

1792இல் எழுப்பிய நகர வாயிலைக் கடந்தால் ராஜ வீதி நேரே கடலை நோக்கிச் செல்கிறது. வருவோர் எல்லாரும் டேனிஷ் கோட்டையைக் கண்டு வியக்கின்றனர், வியக்கத்தக்கதே. ஆயினும் எங்கள் உள்ளத்தைக் கவர்ந்தது கோட்டையன்று, அவ்வூரில் தமிழ் எழுத்துக்கு நேர்ந்த வாழ்வு.

1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கர் டென்மார்க்கு மன்னருக்குப் பொன் ஏட்டில் தமிழில் எழுதுவித்த ஓலை இன்றும் கோபன்ஹேகனில் உள்ளது. 1706இல் அவ்வூர் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதி நம் அரிச்சுவடியைக் கற்றார். ஆளுநரோடு பிணங்கிக் கோட்டைச் சிறையில் நான்கு திங்கள் கிடந்தும் அவர் ஊக்கம் தளரவில்லை. ஜெர்மனியிலிருந்து வந்த அச்செழுத்துகள் அளவிற் பெரியவை; காகிதத்தை விழுங்கின. எனவே சிறிய எழுத்துகளை ஈயத்தில் அங்கேயே வார்த்தனர். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்தது. 1845இல் டேனியர் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுச் சென்றனர்.

கோட்டைக்கு வடபால் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. ஊரின் பழம்பெயர் சடங்கன்பாடி என்று அதன் கல்வெட்டு கூறும். முற்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. எஞ்சியதைக் காக்கக் கரையில் பாறைகளைக் குவித்திருக்கின்றனர்.

அக்கடலின் சீற்றத்தை மீனவரே முழுவதும் அறிவர். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அவர்தம் உயிர்களையும் வீடுகளையும் வாரிச் சென்றது. பின்னர்க் கடலுக்குச் சற்றுத் தொலைவில் புதுவீடுகள் கட்டித் தரப்பெற்றன. பாதுகாப்புத்தான்; ஆனால் வலையும் படகும் இருப்பதோ கரையில். “வீட்டிலிருந்தால் கடலின் நிறம் தெரியவில்லையே, ஐயா” என்றார் முதியவர் ஒருவர். இதனை வெறும் ஏக்கம் என்று நாங்கள் கொள்ளவில்லை. நீரின் நிறமும் காற்றும் கண்டே தொழிலுக்குப் போவது அவர்கள் வழக்கம்.

வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த அவரருகே ஐந்தாம் வகுப்புப் படிக்கும் அவர் பேரன் நின்றான். கன்னடமும் ஆங்கிலமும் பயிலும் நம் பிள்ளைகள் படகின் பெயரை எழுத்துக் கூட்டித் திணறக் கண்டு, அவன் உரக்கப் படித்துக் காட்டினான். பிறகு, “என் பேரை உங்க ஊரு எழுத்துல எழுதுங்க” என்றான். எங்கள் சிறுமி மணலில் கன்னடத்தில் எழுதினாள். அவன் அதைத் தன் விரலால் மும்முறை எழுதிப் பார்த்தபின், ஈரமணலில் ‘அ’ எழுதி அவளை எழுதச் சொன்னான். ‘ஔ’ வரை வந்தபொழுது வெயில் ஏறிவிட்டது.

செல்ல விரும்பும் அன்பர்கள் விடியுமுன் கரையை அடைவது நலம். படகு வந்து மீன் ஏலம் முடிந்துவிட்டால் கரை வெறிச்சோடிவிடும்.